இடது முன் சக்கரம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். குட்டிக்கு முன்பற்கள் இரண்டு விழுந்துவிட்டன. ஆனாலும் வாய் ஓயவில்லை. மாமாவின் முதுகுவலி தேவலையா? உன் காது எப்படி இருக்கிறது? இருபது வருடம் பஸ் எஞ்சின்களுக்குப் பக்கத்தில் நின்றவளிடம் போனில் கியர்பாக்ஸ் விஷயம் பேச முடியாது. நீ எல்லாவற்றுக்கும் “ஆங், ஆங்” என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் நம் பழைய கார் சண்டியைப் பற்றியது. நான் வேலை பார்க்கும் டயர் கிடங்குக்குப் பின்னால் ஒரு பெரிய காலி மைதானம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேர் அங்கே கார் கொண்டுவந்து டிரிஃப்ட் செய்கிறார்கள். வளைவில் வண்டியின் பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் போவது. பார்க்கப் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் கை துல்லியமாக வேலை செய்தால்தான் முடியும்.

சண்டியால் முடியவில்லை. பின்பக்கம் வழுக்க ஆரம்பித்ததும் முன் சக்கரங்கள் இழுத்து நேராக்கிவிடுகின்றன. “என்னண்ணே, உங்க வண்டி ரொம்ப ஒழுக்கமா வளர்ந்திருக்கு” என்று சிரிக்கிறார்கள். முன் சக்கரங்களுக்குப் போகும் இழுவையை எடுத்துவிட்டுப் பின் சக்கரங்கள் மட்டும் தள்ளும்படி செய்ய வேண்டும்.

அந்த நாலு சக்கர இழுவை நீ உன் கையால் செய்தது. நாலு வருட ஞாயிற்றுக்கிழமைகள். மறக்கவில்லை. அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். அக்கா, காலை முதல் சாயங்காலம் வரை பட்டியலைப் பார்த்து டயர் நம்பரைச் சரிபார்க்கிறேன். வாரத்தில் அந்த மூன்று மணி நேரம்தான் உயிரோடு இருப்பதாகத் தோன்றுகிறது. மார்ச் முப்பதாம் தேதி முதல் போட்டி. எப்படிச் செய்வது என்று எழுது.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். உன் கடிதத்தைப் படிக்கும் வரை நன்றாகவே இருந்தேன்.

மேட்டிலும் சேற்றிலும் நாலு சக்கரமும் தரையைப் பிடிக்க வேண்டும் என்று பல்சக்கரம் பல்சக்கரமாகத் தேய்த்துப் பொருத்தியவள் நான். அதில் இரண்டு வேண்டாம், கழற்றி மூலையில் போட வழி சொல் என்று என்னிடமே கேட்கிறாய். உனக்குக் கேட்க வேறு ஆளே கிடைக்கவில்லையா? மாமா படித்துவிட்டுச் சிரிக்கிறார். எனக்கு அடுப்பில் என்ன வைத்தேன் என்பதே மறந்துவிட்டது.

சரி. எப்படியும் செய்யப்போகிறாய், ஒழுங்காகச் செய். முதலில் நடு டிஃபரன்ஷியல். முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தைப் பங்கு போடுவது அதுதான். முன் சக்கரங்களுக்குப் பலத்தைக் கொண்டுபோகும் தண்டுகளை எடுத்துவிட்டு அதை அப்படியே விட்டால் பலமெல்லாம் ஆளில்லாத பக்கம் ஓடிவிடும், வண்டி நின்ற இடத்தை விட்டு நகராது. வெல்டிங் வைத்துப் பூட்டிவிடு. இதை உன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகளே சொல்வார்கள்.

அவர்களுக்குத் தெரியாததை நான் சொல்கிறேன், கவனமாகப் படி. முன் தண்டுகளை முழுசாக உருவாதே. தண்டின் வெளிமுனை, சக்கரத்தின் நடுவில் செருகியிருக்கும் கிண்ணம் போன்ற ஜாயின்ட், அது அங்கேயே இருக்க வேண்டும். அதன் பெரிய நட்டைப் பழையபடி முழு பலத்தில் இறுக்க வேண்டும். தண்டை அறுத்து, உள்பக்கத் துண்டை மட்டும் எடு. நம் வண்டியில் முன்சக்கர பேரிங் இரண்டு பாதியாக இருக்கிறது. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த முனையும் நட்டும்தான். பிறவியிலேயே பின்சக்கரம் தள்ளும் வண்டிகளில் அப்படி இல்லை, அதனால் அவர்கள் யாருக்கும் இது தோன்றாது. முனையை எடுத்துவிட்டால் முதல் நாள் ஒன்றும் தெரியாது, வண்டி வெண்ணெய் மாதிரி போகும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து இரண்டு மூன்று நாள் ஓட்டினால் பேரிங் பிரிந்து சக்கரமே கழன்றுவிடும்.

கோபம் அப்படியே இருக்கிறது. குட்டிக்கு முத்தம்.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் நலம், குட்டிக்கு லேசான சளி. ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? அல்லது என்மேல் கோபமா? கோபமென்றால் திட்டியாவது எழுது, உன் திட்டு இல்லாமல் எனக்குக் கை ஓடவில்லை.

இங்கே ஒரு வெல்டிங்காரர் இருக்கிறார், ஊர் வாய் எல்லாம் அவருக்குத்தான். சண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “யாருப்பா இதைப் பூட்டினது? டிராக்டர் மெக்கானிக்கா?” என்றார். “எங்க அக்கா” என்றேன். மனுஷன் எழுந்து உட்கார்ந்து, “அதான் அசைய மாட்டேங்குது” என்றார். நானும் சிரித்துவிட்டேன். நீயும் சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

பதில் போடு அக்கா. நாள் நெருங்குகிறது.

தம்பி


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ எழுதாததால் நானே ஆரம்பித்துவிட்டேன். வெல்டிங்காரர் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிக்கொடுத்தார். போன ஞாயிறு முன் தண்டுகளைக் கழற்றினேன். அவர் அறுத்துப் போடச் சொன்னார். உன் வேலையை அறுக்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டையும் ஒரு கீறல் படாமல் முழுசாக உருவி, கிரீஸ் தடவி, துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். என்றைக்காவது நீ கேட்டால் பழையபடி மாட்டிவிடலாம்.

வண்டி அருமையாகப் போகிறது. ஸ்டியரிங் அவ்வளவு லேசு. முப்பதாம் தேதி போட்டி. நீ பேசாவிட்டாலும் மனசுக்குள் வாழ்த்துவாய், எனக்குத் தெரியும்.

தம்பி


ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ, உன் மனைவி, குட்டி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? பிப்ரவரி பதினாலாம் தேதி போட்ட என் கடிதம் வந்ததா, இல்லையா? இந்தத் தபாலை நம்பி ஒன்றும் செய்ய முடியவில்லை. மாமா உன் வீட்டுக்கு இரண்டு தடவை போன் செய்தார். நீ வெளியூர் போயிருப்பதாக உன் மனைவி சொன்னாளாம். டயர் கிடங்கில் உனக்கென்ன வெளியூர் வேலை?

நீ பெரிய கடிதம் எழுத வேண்டாம். ஜாயின்ட் முனைகள் சக்கரத்தில் இருக்கின்றனவா, நட்டை இறுக்கினாயா, இதற்கு மட்டும் பதில் எழுது. பட்டறையில் நேற்று ஒரே கியர்பாக்ஸை இரண்டு முறை பிரித்து மூடினேன்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். ஒன்றரை மாதம் எழுதாததற்கு என்னை அடிக்கலாம். கிடங்கில் கணக்கெடுப்பு, ஊர் ஊராக அலைந்தேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

உன் கடிதம் வந்துவிட்டது. தபால்காரர் எங்கேயோ போட்டுவைத்துத் தாமதமாகத்தான் கொடுத்தார். ஆனாலும் போட்டிக்கு முன்பே கிடைத்தது. நீ சொன்னபடியே தண்டுகளை அறுத்து முனைகளை மாட்டி, ஸ்பேனர் மேல் ஏறி நின்று நட்டை இறுக்கினேன். கவலையை விடு.

போட்டியைப் பற்றிக் கேள். முதல் வளைவில் சண்டி கொஞ்சம் முரண்டு பிடித்தாள். இரண்டாவதில் பின்பக்கம் தானாக விலகியது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, கால் நுனியில் ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டு, பக்க ஜன்னல் வழியாகப் பாதையைப் பார்த்தபடி முழு வளைவையும் கடந்தேன். புகைக்கு நடுவில் எல்லோரும் கைதட்டினார்கள். வெல்டிங்காரர் ஓடிவந்து, “அக்காகிட்ட சொல்லுங்க, வண்டி பொண்ணு மாதிரி ஆடுது” என்றார். ஆறாவது இடம்தான். போதாதா?

தம்பி


மே 20

என் தங்கமே,

நாங்கள் நலம். எனக்கு இன்றைக்குத்தான் மூச்சு வந்தது. உன் கடிதத்தைப் பட்டறைக்கு எடுத்துப்போய் அத்தனை பேருக்கும் படித்துக் காட்டினேன். போர்மேன், “உங்க தம்பி சக்கரத்தைக் கழட்டினதுக்கா இவ்வளவு சந்தோஷம்?” என்றார். ஆமாம் என்றேன். எனக்கென்ன வெட்கம்?

நீ அந்த வளைவை எழுதியிருக்கும் விதத்தைப் பத்துத் தடவை படித்தேன். நான் சொன்னது தப்பு தம்பி. அந்த வண்டி உன்னுடையது, எப்படி ஓட வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அறுத்த ஜாயின்ட் கிண்ணங்களில் தூசி நுழையும், கிரீஸ் வடிந்துவிடும். அவற்றை மூட இரண்டு ரப்பர் மூடிகள் வெட்டி பார்சலில் அனுப்புகிறேன். மாட்டிவிட்டு எழுது. ஒரு போட்டோவும் அனுப்பு. ஜூலையில் எனக்கு நாலு நாள் லீவு இருக்கிறது. வந்து உன் பக்கத்து சீட்டில் உட்காரப்போகிறேன், காதுதான் கேட்காதே, சத்தத்துக்குப் பயமில்லை.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பார்சல் வந்தது. ரப்பர் மூடிகள் இரண்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி கச்சிதமாகப் பொருந்தின. உன் கைக்கு நிகர் கிடையாது.

போட்டோ எடுத்தவரின் கேமராவில் ஏதோ கோளாறு, ஒன்றும் விழவில்லை. ஜூலையில் வேண்டாம் அக்கா. வீடு மாற்றிக்கொண்டிருக்கிறோம். இரண்டாம் மாடி ஏறி இறங்குவது அலுத்துவிட்டது, தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். எல்லாம் மூட்டை முடிச்சாகக் கிடக்கும், உனக்குப் படுக்கக்கூட இடமிருக்காது. பிறகு சொல்கிறேன்.

மாமாவுக்கு என் அன்பு.

தம்பி


ஜூன் 28

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

இன்று காலை என் மேஜையைச் சுத்தம் செய்தேன். சண்டிக்காக வெட்டிய இரண்டு ரப்பர் மூடிகளும் அங்கேயே இருக்கின்றன. உனக்கு அனுப்பியவை பஸ் ஸ்டியரிங் ஜாயின்டுக்காக வெட்டிவைத்தவை. என் கவனக்குறைவு, கைமாறிப் போயிருக்கிறது. அவை அந்தக் கிண்ணத்தில் பாதியைக்கூட மூடா. நீ கச்சிதமாகப் பொருந்தின என்கிறாய்.

அப்படியென்றால் நீ மாட்டிப் பார்க்கவேயில்லை. மாட்டிப் பார்க்காதவன் ஏன் பொய் சொல்ல வேண்டும்? போட்டோ இல்லை. நான் வரக்கூடாது. நாலு நாலு படியாகத் தாவி மூச்சு வாங்காமல் ஏறுகிறவனுக்கு இரண்டாம் மாடி அலுத்துவிட்டது. ஏப்ரல் முழுவதும் நீ எங்கே இருந்தாய்? காலையிலிருந்து இதையே நினைத்து நினைத்து எனக்கு வேலையே ஓடவில்லை.

உன்னிடம் உண்மையைக் கேட்க எனக்கு யோக்கியதை வேண்டுமென்றால் முதலில் நான் சொல்ல வேண்டும். பிப்ரவரி பதினாலாம் தேதி கடிதத்தை எழுதியது அன்றுதான். போடவில்லை. மேஜை டிராயரில் வைத்தேன். இன்னொரு தடவை கேட்கட்டும், கெஞ்சட்டும் என்று வைத்தேன். நீ கெஞ்சி எழுதியபோது அந்த வெல்டிங்காரர் பேச்சையும் எழுதியிருந்தாய். நீயும் சிரித்தாயே என்று மறுபடி டிராயரை மூடினேன். இரண்டாயிரம் பஸ்களைப் பிரித்துப் பூட்டியவள் ஒரு கேலிக்காக மூடினேன்.

மார்ச் இருபத்தாறாம் தேதி, தண்டுகளை முழுசாக உருவினேன் என்ற உன் கடிதம் வந்தது. அன்றே தபாலில் போட்டேன். மாமாவை விட்டு ஒரு போன் செய்யச் சொல்லியிருக்கலாம், ஒரு நிமிட வேலை. செய்திருந்தால், “இதை ஏன் இத்தனை நாளா சொல்லலே?” என்று அவர் கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, முப்பதாம் தேதிக்குள் போய்ச் சேர்ந்துவிடும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் என்ன செய்துவிட்டேன் என்று சொல். மறைக்காமல் சொல்.

அக்கா


ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். முதலில் இதைப் படி, பிறகு அழு.

முப்பதாம் தேதி மூன்றாவது வளைவு. ஸ்டியரிங் முழுசாக ஒடிந்திருந்தது. முதலில் ஒரு உறுமல், பிறகு ஒரு சக்கரம் எனக்கு முன்னால் தனியாக உருண்டு போனது. யாருடையதோ என்று ஒரு நொடி பார்த்தேன். என்னுடையதுதான், இடது முன் சக்கரம். வண்டி அந்த மூலையில் விழுந்து தரையில் தேய்த்தபடி கிடங்குச் சுவரில் போய் மோதியது. என் இடது கால் உள்ளே மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. நான் எழுதிய ஆறாவது இடம், கைதட்டல், எல்லாம் படுக்கையில் கிடந்தபோது மனசுக்குள் ஓட்டிப் பார்த்தது.

உன் கடிதம் ஏப்ரல் ஒன்றாம் தேதி கிடங்குக்கு வந்தது. கூட வேலை பார்ப்பவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். உள்ளே பிப்ரவரி பதினாலு. உறையில் முத்திரை மார்ச் இருபத்தாறு. அன்றைக்கே எனக்குத் தெரியும்.

உன்மேல் கோபமில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஏப்ரல் முழுவதும் உன்னை நினைத்தாலே பல்லைக் கடித்தேன். உன் ஏப்ரல் கடிதத்தில், தபாலின் மேல் பழி போட்டிருந்ததைப் படித்தபோது கிழித்துப் போட்டேன். பிறகு நாள் போகப் போக, நீ ஒரே கியர்பாக்ஸை இரண்டு முறை பிரித்தாய் என்ற வரிதான் நினைவில் நின்றது. உண்மை தெரிந்தால் நீ மறுபடி ஸ்பேனரைத் தொடமாட்டாய் என்று பயந்துதான் பொய் எழுதினேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த உறையை நான் யாரும் பார்க்கும் முன் கிழித்துவிட்டேன். “அண்ணியோட இந்த லெட்டர் எப்ப வந்துச்சு?” என்று என் மனைவி கேட்டாள். பிப்ரவரியிலேயே வந்தது, படித்தேன், அலட்சியமாக இருந்துவிட்டேன் என்றேன். உனக்குச் சொல்ல வேண்டாம், உன் மனசு தாங்காது என்று நான் கேட்டுக்கொண்டதால்தான் மாமாவிடம் போனில் அவள் நான் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னாள். இப்போது நீ வரலாம், வா. ஆனால் இதைத் திருத்தாதே. அவளுக்கு உண்மை தெரிந்தால் இந்த வீட்டில் உனக்குக் கதவு திறக்காது. எனக்கு இருப்பது ஒரே அக்கா. காலையும் இழந்து அக்காவையும் இழக்க என்னால் முடியாது.

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பி மனைவிக்கு நாத்தனார் எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். குட்டியின் காய்ச்சல் இறங்கியதா? இதை நீ மட்டும் முதலில் படி. படித்துவிட்டு அவனிடம் கொடு.

உன் வீட்டில் நாலு நாள் இருந்தேன். எனக்கு நீ ஒரு குறையும் வைக்கவில்லை. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு, புதுக் கட்டைக்காலை ஊன்றி நடந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்த முதல் நாளே நீ சொன்னாய்: “அண்ணி எவ்வளவு தெளிவா எழுதியிருந்தாங்க. படிச்சுட்டும் கேக்காம போனீங்களே, அப்படி என்ன திமிரு உங்களுக்கு?” அவன் தலை நிமிராமல் குட்டியின் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தான். மறுநாளும் சொன்னாய். நான் வாயைத் திறக்கவில்லை. அவனுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லாமல் இருப்பது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

கிளம்புகிற அன்று குட்டி பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “எங்கப்பா அத்தை பேச்சைக் கேக்கலை, அதான் கால் போச்சு.” சத்தமாகச் சொன்னாள். எனக்கே கேட்டது. உள்ளே கட்டிலில் அவன் இருந்தான். அவனுக்கும் கேட்டிருக்கும். அவன் கூப்பிட்டு அதட்டவில்லை.

அவன் உன்னிடம் சொன்னது பொய். என் கடிதம் பிப்ரவரியில் வரவில்லை. நான் அதை எழுதி, ரோஷத்தில் நாற்பது நாள் என் மேஜைக்குள் வைத்திருந்தேன். அது அவன் கைக்குக் கிடைத்தபோது கால் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. என் கடிதத்துக்காக அவன் இரண்டு முறை எழுதிக் கேட்டான். நான் செய்த தண்டை அறுக்க மனமில்லாமல்தான் முழுசாக உருவினான். இவ்வளவும் தெரிந்த பிறகும் என்னைக் காப்பாற்ற, நீ தினமும் திட்டுவதைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இதைப் படித்த பிறகு நீ என்னை வாசலில் ஏற்றமாட்டாய். அது நியாயம்தான், நான் வந்து நிற்கமாட்டேன். அவனுக்கு என்மேல் கோபம் வரும், சொல்லாதே என்று கெஞ்சியவனை மீறிவிட்டேன் என்று. வரட்டும்.

குட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து நீயே சொல்லிவிடு. அப்பா அத்தை பேச்சைத் தட்டவில்லை, அத்தைதான் வாய் திறக்கவில்லை என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொல். நாளைக்கே சொல்லிவிடு. அவன் காதில் விழும்படி சொல்.

நாத்தனார்